ஊமைப் பெட்டிகளும் உணவு விடுதிகளும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

உண்ணும் இடமும் இசையும் ஒன்றையொன்று தேடிக்கொள்வது புதிய வழக்கமன்று. பந்தி நடக்கும்போது பக்கத்தில் நாயனம் ஒலிப்பது நம் நாட்டு முறை. காசு போட்டால் பாடும் பெட்டியை உணவுக்கூடத்தில் வைத்தது மேனாட்டார் முறை. 1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மதுக்கூடத்தில், எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பெட்டியோடு காசு போடும் துளை ஒன்றைப் பொருத்தி வைத்தார்கள். ஐந்து சென்ட் நாணயம் போட்டவர் ஒரு குழாயைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கலாம். பிற்காலத்தில் வந்த ஜூக்பாக்ஸ் எனும் இயந்திரத்துக்கு அதுவே முன்னோடி. ஜப்பானின் டோக்கியோ நகரில் 1926இல் தொடங்கிய ‘லயன்’ என்னும் காப்பிக் கடை, இசைத்தட்டு கேட்பதற்கென்றே ஏற்பட்டது. அங்கே காப்பி குடிக்கலாம். உரக்கப் பேசக் கூடாது. இசைக்கு அவ்வளவு மரியாதை!

இன்று நம் சேலம், நாமக்கல் வட்டாரத்திலும் பழமைக் கோலம் பூண்ட உணவு விடுதிகள் பெருகி வருகின்றன. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் இவற்றைக் கண்டிருப்பார்கள். வாசலில் மாட்டு வண்டிச் சக்கரம். தூணில் அரிக்கேன் விளக்கு. உள்ளே நுழைந்தால் வால்வு ரேடியோ, சுருள் நாடாப் பதிவுக் கருவி, பூப்போல் விரிந்த பித்தளைக் குழல் கொண்ட கிராமபோன். இப்பொருள்களை இவர்கள் வாங்கி வைத்திராவிட்டால் அவற்றுள் பல பழைய இரும்புக் கடைக்குச் சென்று எடைக்கு எடை விலை போயிருக்கும். ஆகவே வாங்கி வைத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பாடுவதற்காகப் பிறந்த பெட்டிகளை ஊமையாக நிறுத்தி வைப்பதும், அவற்றைச் சுற்றிப் பாதிப் பழங்கதையை மட்டும் பரிமாறுவதும் சரியா என்பதே என் கேள்வி.

பெட்டி பாடவில்லை

சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி ஒன்று முடிந்து திரும்பும் வழியில், நண்பர்கள் ஐவர் அப்படிப்பட்ட விடுதி ஒன்றில் உணவருந்தினோம். ராகிக் களியும் கீரைக் கடைசலும் பள்ளிபாளையம் சிக்கனும் வந்தன. சுவையில் குறையில்லை. எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமபோன் இருந்தது. அதன்மேல் ஓர் இசைத்தட்டும் இருந்தது. பாட்டும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது கூரையில் பொருத்திய ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. கல்லாவில் இருந்த செல்பேசிதான் அங்கே பாகவதர்!

பரிமாறிய தம்பியிடம், “இது பாடுங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஓடாதுங்க. சும்மா அழகுக்கு வெச்சிருக்குதுங்க. போட்டோ எடுத்துக்கலாம், தொடக் கூடாதுங்க” என்றார்.

குனிந்து அத்தட்டைப் பார்த்தேன். அது நீளிசைத்தட்டு. மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன அத்தட்டைச் சாவி கொடுக்கும் கிராமபோனின் எஃகு ஊசிக்குக் கீழே சுழல விட்டால், ஒரே ஓட்டத்தில் அதன் வரிப்பள்ளங்கள் உழுத நிலம் போல ஆகிவிடும். பெட்டி ஒரு காலத்தைச் சேர்ந்தது. தட்டு இன்னொரு காலத்தைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தவருக்கும், அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட எங்களுக்கும் அந்த வேறுபாடு தெரியவில்லை என்பதே உண்மை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறி சுவையாக இருந்தது. பாட்டுத்தான் ஏட்டில் இருந்தது.

பாடும் பெட்டி வந்த கதை

எடிசன் 1877இல் தகரத் தாள் சுற்றிய உருளையில் மனிதக் குரலைப் பதித்தார். பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான தட்டில் ஒலியைப் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே கிராமபோன். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளேயிருக்கும் வில்சுருள் இறுகும். அது அவிழும் வேகத்தில் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஊசி, பள்ளத்தின் நெளிவுகளில் அதிர்ந்து, அந்த அதிர்வை ஒரு மெல்லிய தகட்டுக்குத் தர, குழல் அதைப் பெருக்கி வெளியே அனுப்பும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். அந்தத் தட்டின் பசையோ, அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் அரக்கு. அதிலும் பெரும்பகுதி நம் இந்தியக் காடுகளிலிருந்து சென்றதுதான்.

லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க், 1902இல் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் முதலானோரின் குரல்களைப் பதிவு செய்தார். அப்போது தட்டு அச்சிடும் தொழிற்சாலை இந்தியாவில் இல்லை. பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குச் சென்று, தட்டுகளாகத் திரும்பி வந்தன. பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வதைப் பழந்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். மொழி தெரியாத அயல்நாட்டுத் தொழிலாளி, தட்டின்மேல் எந்தப் பெயரை ஒட்டுவது என அறிய அது உதவியது. 1908இல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது.

இதில் நம் சேலத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு! அந்தத் தொடக்க ஆண்டுகளில் தென்னாட்டிலிருந்து இசைத்தட்டில் பாடிப் பெயர் பெற்ற பெண்மணிகளுள் ஒருவர் சேலம் கோதாவரி. கோயமுத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் ஆகியோர் வரிசையில் வைத்து இசை ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பெயர் அது. மேடையில் ஏறிப் பாடிய பெண்களைச் சமுதாயம் ஒரு கையால் தட்டிக் கொடுத்து மறு கையால் தள்ளி வைத்த காலம். ஆயினும் தட்டு அவர்கள் குரலை ஊர்ப் பெயரோடு சேர்த்து வீடு வீடாகக் கொண்டு போயிற்று. நம் மாவட்டத்தின் பெயர் அன்றே ஓர் இசைத்தட்டின் நடுவட்டத்தில் இடம்பெற்றுவிட்டது எனலாம்.

அதற்குப் பின் காவிரியின் அக்கரையிலே, கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி.சுந்தராம்பாளின் குரல் நாடக மேடையிலிருந்து தட்டுக்கு வந்தது. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சை நிறுவி, 1937இல் ‘சதி அகல்யா’வையும், 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பால’னையும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தையும் எடுத்தார். அந்தப் படங்களின் பாட்டுகள் தட்டுகளாகித் தமிழ்நாடெங்கும் சுழன்றன. ஏற்காடு சாலையில் இன்று அந்த நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. நம் ஊர் விடுதியில் நிற்கும் கிராமபோன், நம் ஊர்க் குரல் ஒன்றையாவது ஒரு முறையாவது பாடியிருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடுதிகளில் நாம் காணும் பளபளக்கும் பித்தளைக் குழல் கிராமபோன்களில் பல அண்மையில் செய்யப்பட்டவை. பழைய நாய் முத்திரையைப் புதிதாக ஒட்டி, அலங்காரத்துக்கென்றே விற்கிறார்கள். உண்மையில் 1920களிலேயே வெளிக்குழல் வழக்கொழியத் தொடங்கி, குழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்து வைக்கும் முறை வந்துவிட்டது. 1931இல் வெளிவந்த எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டி வடிவக் கிராமபோன்களே நடுத்தரக் குடும்பங்களில் மிகுதியாகப் புழங்கின. 78 சுற்றுத் தட்டுகளும் நம் நாட்டில் நெடுங்காலம் நீடித்தன; மேனாடுகள் அவற்றைக் கைவிட்ட பின்னும், 1960களில், பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகளாக வெளிவந்தன. நம் பாட்டனார் வீட்டில் இருந்தது துணிப்பெட்டி போன்ற கறுப்புப் பெட்டி. நமக்குக் காட்டப்படுவது பித்தளைத் தாமரை. எது அழகாகப் படம் பிடிக்கப்படுமோ அதுவே பழமை என்றாகிவிட்டது.

ஊருக்கு ஒரு பெட்டி

ஆனால் கிராமபோன் வைத்திருந்தோர் எத்தனை பேர்? நம் வானம் பார்த்த பூமியில், வேர்க்கடலையும் சோளமும் விளைந்த ஊர்களில், பெரும்பாலோர் பாட்டுக் கேட்டது ஊராட்சி ரேடியோவிலும், தேநீர்க் கடை ரேடியோவிலும், திருமண வீட்டு ரேடியோ செட்டிலுந்தான். சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. பின்னர் ஊராட்சிதோறும் ஒரு சிறு அறை கட்டி, அதில் ரேடியோவை வைத்து, கூரைமேல் குழாய் ஒலிபெருக்கியைப் பொருத்தினார்கள். மாலையானால் ஊரே அங்கே கூடும். செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் பாட்டும் ஒரே மூச்சில் வரும். அந்த அறைகள் சில இன்றும் கதவின்றி நம் ஊர்களில் நிற்கின்றன. தனியார் ரேடியோ வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற வேண்டிய நிலை 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது. இன்று செல்பேசியில் ஆயிரம் பாட்டு வைத்திருக்கும் நமக்கு, ஒரு பாட்டுக்காக ஓர் ஊர் காத்திருந்தது வியப்பாக இருக்கும்.

தேநீர்க் கடைகளில் இலங்கை வானொலி பாடியது. பிறகு ஒலிநாடா வந்தது. 1984இல் ‘விதி’ திரைப்படம் வெளிவந்தபோது அதன் நீதிமன்றக் காட்சி வசனம் கடைக்குக் கடை முழங்கியதை நம் பேராசிரியர்கள் பலர் நினைவு வைத்திருப்பார்கள். நாமக்கல் லாரிகள் அந்த நாடாக்களை வடநாடு வரை கொண்டு சென்றன. ஒரு பெட்டி, நாற்பது காது. அதுதான் அந்தக் காலத்தின் தனிச் சிறப்பு.

பரிமாறப்படாத பாதி

இங்கேதான் நான் மனம் திறந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பழமைக் கோல விடுதிகளின் சுவரில் ‘அந்தப் பொற்காலம்’ என்பது போன்ற வாசகங்களைக் காண்கிறோம். பித்தளை டம்ளரில் காப்பி வருகிறது. அக்காலத்துத் தேநீர்க் கடையில் இன்னொரு டம்ளரும் இருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

என் தாத்தாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவர் இளைஞராக இருந்தபோது, எங்கள் தெருக்காரர்கள் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்காரக் கூடாது. ஓலைத் தாழ்வாரத்தின் விளிம்பில் தனியாகச் செருகி வைத்த டம்ளரை எடுத்து, தேநீர் வாங்கிக் குடித்து, தாமே கழுவி, மறுபடி அங்கேயே செருக வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இலேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955இல் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது. தாழ்வாரத்துக்கு மட்டும் அவை வரவில்லை. ஆனால் அதே கடையில் இருந்த ரேடியோ பெஞ்சுக்கும் பாடியது, தெருவுக்கும் பாடியது. தாத்தா சாலையோரப் புளியமரத்தடியில் நின்று கேட்பாராம். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்:

“டம்ளரைப் பிரிச்சு வெச்சாங்க கண்ணு. பாட்டைப் பிரிச்சு வெக்க முடியலியே! அது பாட்டுக்கு வந்து நம்ம காதுலயும் விழுந்துச்சு.”

எங்கள் தெருவில் எழுத்துக் கற்காத முதியவர்கள்கூட நூற்றுக்கணக்கான பாட்டுகளை அடி பிறழாமல் பாடுவார்கள். எங்கே கற்றார்கள்? அந்தப் புளியமரத்தடியில்தான். திருமண வீட்டு ரேடியோ செட்டுக்குக் குழாய்களைப் பனைமரத்தின் உச்சியில் ஏறிக் கட்டியவர்களும் எங்கள் தெரு இளைஞர்களே. மேலே ஏறிக் கட்டியவன் பாட்டு மூன்று ஊருக்குக் கேட்டது. பந்தியில் அவனுக்குக் கடைசி இலை கிடைத்தது. இவையெல்லாம் அந்தப் பெட்டிகளின் வரலாறு அல்லவா? இவற்றை மறைத்துவிட்டுப் பளபளக்கும் பெட்டியை மட்டும் காட்டினால், அது யாருடைய பழமை?

நான் கசப்பை வளர்க்க இதை எழுதவில்லை. தாத்தாவை அந்த விடுதிக்கு அழைத்துப் போனால், பக்கத்து மேசைக்காரரைப் போலவே அவரும் உட்கார்ந்து, அதே டம்ளரில் காப்பி குடிக்கலாம். அது பெரிய மாற்றம். போராடிப் பெற்ற மாற்றம். பழங்காலம் முழுவதும் பொற்காலமாக இருந்திருந்தால் இந்த மாற்றத்துக்குத் தேவையே இருந்திராது. பழமையைப் போற்றுகிற அந்த இடத்தில் இந்த மாற்றத்தையும் சேர்த்துப் போற்றினால் என்ன குறைந்துவிடும்?

என்ன செய்யலாம்?

“சாப்பிட வந்த இடத்தில் எதற்கையா வரலாற்றுப் பாடம்?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பசித்தவனுக்கு முதலில் சோறு வேண்டும். ஆனால் பழமையை விலைக்கு விற்பவர்களிடம், பொருள் சரியாக இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. பருப்பில் கல் இருந்தால் கேட்க மாட்டோமா?

பெரிய செலவு ஒன்றும் வேண்டியதில்லை. பத்துப் பெட்டி வைத்திருக்கும் விடுதி ஒரே ஒரு பெட்டியையாவது பழுது நீக்கிப் பாட வைக்கலாம். நாள் முழுதும் வேண்டா. பகல் உணவு வேளையில் ஒரு தட்டு, இரவு உணவு வேளையில் ஒரு தட்டு. மூன்று நிமிடம் போதும். அந்த மூன்று நிமிடம் கூரை ஒலிபெருக்கி வாய் மூடட்டும். ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஒரு சிறு அட்டை வைத்து, இது எந்த ஆண்டுக் கருவி, எப்படி இயங்கும், எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கேட்டார்கள் என்று நாலு வரி தமிழில் எழுதலாம். கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில், 2015இல் தொடங்கப்பட்ட கிராமபோன் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே பழைய பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. ஒரு சிற்றூரில் முடிந்தது நம் நெடுஞ்சாலையில் முடியாதா?

விடுதிக்காரர்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பதும் முறையன்று. நம் கல்லூரியால் ஆவது நிறைய உண்டு. இயற்பியல் துறை நண்பர்கள் சாவி கொடுக்கும் மோட்டாரையும் வால்வு ரேடியோவையும் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கப் பழகலாம். அது பாடப் புத்தகத்தில் உள்ள அதிர்வையும் மின்னோட்டத்தையும் கையால் தொட்டறியும் வழி. தமிழ்த் துறையினர், திரையரங்கு வாசலில் சில அணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பரண்களிலிருந்து சேகரிக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அத்தகைய புத்தகங்களை அரிய ஆவணமாகப் பேணி வருகிறது. நாங்கள் வரலாற்றுத் துறையினர், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில், ரேடியோ பழுது பார்த்தவர்களையும், ரேடியோ செட் வைத்திருந்தவர்களையும், பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களையும், மரத்தடியில் நின்று கேட்டவர்களையும் பேச வைத்துப் பதிவு செய்யலாம். நம் கையில் இருக்கும் செல்பேசியே போதும். நூலகத்தில் ஒரு மூலை கிடைத்தால் அங்கே ஒரு பெட்டி பாடத் தொடங்கிவிடும்.

இதில் அவசரம் இருக்கிறது. கிராமபோன் ஊசியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும், சாவியை எத்தனை சுற்றோடு நிறுத்த வேண்டும், எந்த வால்வு சூடேறினால் எந்த ஒலி வரும் என்றெல்லாம் அறிந்த கைகள் நம் சேலத்துக் கடைவீதிகளிலும் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுச் சந்துகளிலும் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுக்கு முதுமை வந்துவிட்டது. பெட்டியைப் பணம் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தக் கைப்பழக்கத்தையும், மரத்தடியில் நின்ற காதுகளின் நினைவையும் எந்தக் கடையில் வாங்க முடியும்?

ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டும். மாணவ நண்பர்கள் அடுத்த விடுமுறையிலேயே தத்தம் ஊரில் ஒரு முதியவரிடமாவது சென்று, “நீங்கள் முதன்முதலில் பாட்டுக் கேட்டது எங்கே? உட்கார்ந்து கேட்டீர்களா, நின்று கேட்டீர்களா?” என்று கேட்டு எழுதி வர வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அந்த விடைகள் இடம்பெறட்டும்.